லிங்க் வைக்கிற சொல்லுக்கு கூகுளில் மதிப்பு உண்டா? மாதம் 300 பேக்லிங்க் வாங்கலாமா?

சென்னிமலைத்தறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னிமலையில் எங்கள் குடும்பம் கைத்தறிப் பெட்ஷீட், போர்வை, துண்டு நெய்து விற்கிறது. அப்பா காலம் வரை மொத்த வியாபாரம் மட்டும்தான். இப்போது வேர்ட்பிரஸ்ஸில் சைட் போட்டு நேரடியாகவும் விற்கிறோம். ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது. கூகுளில் தேடி வருபவர்கள் மிகக் குறைவு.

போன வாரம் ஒரு எஸ்இஓ (தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலை) கம்பெனியிலிருந்து கடைக்கு வந்தார்கள். மாதம் 300 பேக்லிங்க், அதாவது பிற சைட்டுகளிலிருந்து எங்கள் சைட்டுக்கு வருகிற லிங்க், போட்டுத் தருவார்களாம். எல்லா லிங்கிலும் ஆங்கர் டெக்ஸ்ட் "கைத்தறி பெட்ஷீட் ஆன்லைன்" என்றே இருக்குமாம். மூன்று மாதத்தில் முதல் பக்கம் நிச்சயம் என்கிறார்கள். எங்கள் சைட்டைத் திறந்து காட்டி, "பாருங்க, உங்க லிங்க் எல்லாமே ‘இங்கே கிளிக் செய்யவும்’, ‘மேலும் படிக்க’ன்னுதான் இருக்கு, இதை வச்சு கூகுளுக்கு என்ன புரியும்?" என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

ஆங்கர் டெக்ஸ்ட் என்றால் சரியாக என்ன? தேடலில் அதற்கு உண்மையிலேயே இடம் உண்டா? அவர்கள் கேட்கிற பணம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இணையத்தச்சன் எழுதியது:

வணக்கம் தம்பி. ஒரு லிங்கில் கண்ணுக்குத் தெரிகிற, விரல் வைத்துத் தொடுகிற சொற்கள்தான் ஆங்கர் டெக்ஸ்ட். முகவரி அதற்குப் பின்னால் மறைந்திருக்கும்.

தேடலில் அதற்கு இடம் உண்டா என்றால், கூகுள் பிறந்ததிலிருந்தே உண்டு. லாரி பேஜும் செர்கெய் பிரினும் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது, 1998-ல், தங்கள் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வரும் பேஜ்ரேங்க் (லிங்குகளை வைத்துப் பக்கங்களை மதிப்பிடும் முறை) பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் ஆங்கர் டெக்ஸ்டுக்கும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. அன்றைய தேடுபொறிகளில் பெரும்பாலானவை லிங்கின் சொல்லை அது எழுதப்பட்ட பக்கத்தின் கணக்கில் மட்டுமே சேர்த்தன. இவர்கள் அது சுட்டுகிற பக்கத்தின் கணக்கிலும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட, அதற்கு லிங்க் கொடுக்கிறவர்கள் அதைப் பற்றிச் சொல்வது பல நேரம் துல்லியமாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். இன்னொரு பயனும் உண்டு. படம், மென்பொருள், தரவுத்தளம் போல எழுத்தை வைத்துத் தேட முடியாதவற்றுக்கும் யாரோ ஒருவர் லிங்க் கொடுத்து நாலு சொல் எழுதியிருப்பார். அந்தச் சொல்லை வைத்து அவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். அப்போது அவர்கள் சேகரித்த 2.4 கோடி பக்கங்களிலிருந்து 25.9 கோடிக்கும் மேற்பட்ட ஆங்கர்களை அட்டவணையில் ஏற்றியிருந்தார்கள். இந்த யோசனை 1994-ன் வேர்ல்டு வைடு வெப் வோர்ம் என்ற தேடுபொறியிலேயே இருந்தது என்பதையும் அந்தக் கட்டுரையே சொல்கிறது.

இது ஏன் வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். லிங்க் கொடுத்தவர் கூகுளை நினைத்து எழுதவில்லை, தன் பக்கத்தைப் படிக்கிறவரை நினைத்து எழுதினார். எந்த ஆதாயமும் இல்லாமல் சொன்ன சாட்சி அது. அதனால்தான் அதற்கு மதிப்பு. உங்களிடம் வந்தவர்கள் விற்பது காசு கொடுத்து வாங்குகிற சாட்சி.

உங்கள் சைட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நீங்களே வைக்கிற லிங்க் வேறு, பிறர் தங்கள் சைட்டிலிருந்து உங்களுக்குத் தருகிற லிங்க் வேறு. முதல் வகை முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, ஒரு பைசா செலவில்லை. அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டாவதை வாங்கவே வேண்டாம்.

கொங்குமகன் எழுதியது:

அந்த 300-ம் எங்கே போடுவாங்கன்னு முதல்ல கேளுங்க. ரஷ்ய மொழி ப்ளாக்ல கமெண்ட், செத்துப்போன ஃபோரம்ல ப்ரொஃபைல், இப்படித்தான் இருக்கும். வேர்ட்பிரஸ்ல கமெண்ட்டுக்குள்ள வர்ற லிங்குக்கெல்லாம் தானாவே நோஃபாலோ, அதாவது இந்த லிங்கை மதிப்புல சேர்க்காதேன்னு கூகுளுக்குச் சொல்ற குறிப்பு, விழுந்துடும். கமெண்ட் ஸ்பேம் தாங்காமத்தான் 2005 ஜனவரியில கூகுள், யாகூ, எம்எஸ்என் மூணு பேரும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தாங்க. எதுக்கும் லிஸ்ட் கேளுங்க, தரமாட்டாங்க.

ரேங்க்வேட்டை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். லிங்க் வாங்கினவர்கள் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போட்டிக் கடைக்காரர்கள் செய்துகொண்டே இருக்கும்போது நாம் மட்டும் ஒழுங்காக இருந்து என்ன லாபம்? கீவேர்டை, அதாவது ஆட்கள் தேடுகிற சொல்லை, அப்படியே ஆங்கர் டெக்ஸ்டில் வைத்தால் ரேங்க் ஏறுகிறது என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். 300 அதிகம் என்றால் 50 போடட்டும், வேறு வேறு சொற்களைக் கலந்து போடட்டும். அவ்வளவுதான்.

பழையபதிவர் எழுதியது:

ரேங்க்வேட்டை நண்பரே, ஏறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஏறினவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம்பி பெட்ஷீட் விற்பவர், அதனால் பெட்ஷீட் விற்ற ஒரு கடையின் கதையையே சொல்கிறேன்.

ஜே.சி.பென்னி என்பது அமெரிக்காவின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். 2010 இறுதியில், பண்டிகை வியாபாரம் உச்சத்தில் இருந்த மாதங்களில், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் முதலில் வந்தது. சாம்சோனைட் கைப்பெட்டி என்று தேடினால் சாம்சோனைட் கம்பெனியின் சொந்த சைட்டைவிட மேலே இவர்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைத் துருவியது. சம்பந்தமே இல்லாத 2,000-க்கும் மேற்பட்ட பக்கங்களில் இந்தக் கடைக்கு லிங்க் இருந்தது தெரியவந்தது. எல்லாவற்றிலும் ஆங்கர் டெக்ஸ்ட் தேடல் சொல்லேதான். கார், சூதாட்டம், பல் வைத்தியம் பற்றிய பக்கங்களிலெல்லாம் உடைக்கும் விரிப்புக்கும் லிங்க்.

2011 பிப்ரவரியில் கூகுள் கைமுறையாக நடவடிக்கை எடுத்தது. அந்தப் பெட்டிக்கான தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த பக்கம், இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று கடை சொன்னது, எஸ்இஓ நிறுவனத்தையும் நீக்கியது. ஆனால் ரேங்க் உடனே திரும்பவில்லை. அவ்வளவு பெரிய கடை தாங்கிக்கொள்ளும். சென்னிமலையில் நாலு தறி வைத்திருப்பவர் எப்படித் தாங்குவார்?

அதற்கடுத்த ஆண்டே பெங்குயின், அதாவது போலி லிங்குகளைப் பிடிக்கக் கூகுள் செய்த அல்காரிதம், வந்துவிட்டது. ஏப்ரல் 24, 2012. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தில் மாற்றம் தெரியும் என்று கூகுளே அறிவித்தது. ஒரே கீவேர்டை ஆங்கர் டெக்ஸ்டாக வைத்துக் குவித்த சைட்டுகளுக்குத்தான் அதில் பலத்த அடி. 2016 செப்டம்பருக்குப் பிறகு பெங்குயின் அவ்வப்போது ஓடுகிற தனி வேலையாக இல்லாமல் கூகுளின் மைய அல்காரிதத்திலேயே சேர்ந்துவிட்டது. இப்போது அப்படிப்பட்ட லிங்குகளைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆக, நல்லபடியாகப் போனால் கொடுத்த காசு வீண், கெட்டபடியாகப் போனால் சைட்டே வீண்.

இன்னொன்று. ஆங்கர் டெக்ஸ்டுக்கு ஒரு காலத்தில் இருந்த பலம் தெரிய வேண்டுமென்றால் 2003-ஐப் பாருங்கள். அமெரிக்கப் பதிவர்கள் பலர் கூடிப் பேசி, "மிசரபிள் ஃபெயிலியர்" என்ற சொல்லில் வெள்ளை மாளிகை சைட்டின் ஜார்ஜ் புஷ் வாழ்க்கைக் குறிப்புக்கு லிங்க் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லே கிடையாது. இருந்தும் அதைத் தேடியவர்களுக்கு முதலில் வந்தது அந்தப் பக்கம்தான். 2007 ஜனவரியில்தான் கூகுள் அதைச் செயலிழக்கச் செய்தது. இதில் கூட்டமும் கூட்டுத் திட்டமும் இருந்தன. எந்தத் திட்டமும் இல்லாமல் நடந்தது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் "கிளிக் ஹியர்" என்று தேடினால் பல ஆண்டுகள் அடோபி ரீடர் டவுன்லோடு பக்கம் முதலில் வந்தது. பிடிஎஃப் வைத்திருந்த அத்தனை பேரும் "இதைத் திறக்க ரீடர் வேண்டும், கிளிக் ஹியர்" என்று எழுதியிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

தம்பி, உங்கள் சைட்டில் இப்போது இருக்கிற "இங்கே கிளிக் செய்யவும்" செய்வதும் அதே வேலைதான். உங்கள் துவைப்பு முறைப் பக்கத்தைப் பற்றி, டபுள் சைஸ் பக்கத்தைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி நீங்களே கூகுளிடம் "இங்கே கிளிக் செய்யவும்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரேங்க்வேட்டை எழுதியது:

ஜே.சி.பென்னி கதை தெரியும். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்தே கேட்கிறேன். பெங்குயின் வந்து ஆங்கர் டெக்ஸ்டை அடித்துவிட்டது என்றால் இன்று அதற்கு மதிப்பே இல்லை என்றுதானே ஆகிறது? அப்புறம் எதற்குத் தம்பி உட்கார்ந்து ஒவ்வொரு லிங்காக மாற்ற வேண்டும்? நல்ல கட்டுரை எழுதினால் போதாதா?

இணையத்தச்சன் எழுதியது:

அடி விழுந்தது போலி லிங்குகள் மேல். ஆங்கர் டெக்ஸ்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அமெரிக்க நீதித்துறை கூகுள் மேல் போட்ட ஏகபோக வழக்கில் கூகுள் பொறியாளர் ஒருவர் சொன்ன விவரங்கள் 2025-ல் ஆவணமாக வெளிவந்தன. ஒரு பக்கம் ஒரு தேடலுக்கு எவ்வளவு பொருத்தம் என்று பார்க்க ஏ, பி, சி என்று மூன்று அடிப்படைச் சிக்னல்கள் இருப்பதாக அதில் வருகிறது. ஏ என்பது ஆங்கர், அதாவது பிற பக்கங்கள் இந்தப் பக்கத்துக்குக் கொடுக்கிற லிங்க். பி என்பது பாடி, பக்கத்தில் இருக்கிற சொற்கள். சி என்பது கிளிக், தேடியவர்கள் இதில் நுழைந்து தங்கினார்களா திரும்பினார்களா என்பது. 1998-ல் கட்டுரையில் இருந்தது இன்றும் அடித்தளத்தில் இருக்கிறது.

நல்ல கட்டுரை அவசியம் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அந்தக் கட்டுரைக்கு சைட்டுக்குள் வழி இருக்க வேண்டும், வழியில் பெயரும் எழுதியிருக்க வேண்டும்.

செவிவழி எழுதியது:

எல்லோரும் கூகுளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்வையற்றவள், பள்ளி ஆசிரியை. வீட்டுக்குத் தேவையானதில் பாதியை ஆன்லைனில்தான் வாங்குகிறேன். என் பக்கத்தையும் கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை, பயன்படுத்துகிறேன். ஒரு புதுப் பக்கத்துக்குப் போனால் மேலிருந்து கீழ்வரை கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், பொழுது போய்விடும். இன்சர்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கத்தில் உள்ள லிங்குகள் மட்டும் ஒரு பட்டியலாக வரும். அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாகக் கேட்பேன். வேண்டியதன் முதல் எழுத்தைத் தட்டினால் நேராக அங்கே போய்விடலாம்.

தம்பியின் சைட்டைப் போன்ற ஒரு சைட்டில் அந்தப் பட்டியல் எப்படி ஒலிக்கும் தெரியுமா? "இங்கே கிளிக் செய்யவும்." "இங்கே கிளிக் செய்யவும்." "மேலும் படிக்க." "இங்கே கிளிக் செய்யவும்." "மேலும் படிக்க." முதல் எழுத்தைத் தட்டினாலும் எல்லாமே "இ" அல்லது "மே"தான். பஸ்ஸின் முகப்பில் ஊர்ப்பெயரை எழுதாமல் எல்லா பஸ்ஸிலும் "ஏறவும்" என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது எங்களுக்கு. ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். பெரும்பாலான நேரம் நான் அந்தக் கடையை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறேன்.

இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதிகளில் இது 2.4.4 என்ற எண்ணில் இருக்கிறது. லிங்க் எங்கே கொண்டுபோகும் என்பது அதன் சொல்லிலிருந்தோ சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்தோ புரிய வேண்டும் என்பது அது. கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய அடிப்படை நிலையில் இருக்கிற விதி. லிங்கின் சொல்லை மட்டும் தனியாக எடுத்தாலே புரிய வேண்டும் என்று 2.4.9 கேட்கிறது, அது அதற்கும் மேல் நிலை. கடைக்காரர்கள் இரண்டாவதையே பின்பற்றினால் எங்களுக்கு எவ்வளவோ எளிது.

இன்னும் ஒரு வேண்டுகோள். வேர்ட்பிரஸ் அமைப்பில் சைட்டின் மொழி ஆங்கிலம் என்றே விட்டுவிடாதீர்கள். பக்கம் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு ஸ்கிரீன் ரீடர் தமிழையும் ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. தமிழ் என்று மாற்றிவிடுங்கள்.

சென்னிமலைத்தறி எழுதியது:

செவிவழி அக்கா, மிக்க நன்றி. இப்படி ஒரு பட்டியல் வரும் என்பதே எனக்குத் தெரியாது. சைட் மொழியை இப்போதே தமிழுக்கு மாற்றிவிட்டேன். நிச்சயம் எல்லா லிங்கையும் மாற்றிவிடுகிறேன்.

அந்த கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொங்குமகன் அண்ணன் சொன்னபடி எந்த சைட்டுகளில் போடுவீர்கள் என்று பட்டியல் கேட்டேன். தர மறுத்துவிட்டார்கள்.

இப்போது என் சந்தேகம். பழைய வரி இப்படி இருக்கிறது: "எங்கள் போர்வைகளைத் துவைக்கும் முறை பற்றி அறிய இங்கே கிளிக் செய்யவும்." இதில் "துவைக்கும் முறை"யில் லிங்க் வைத்தால் போதுமா? "கைத்தறி பெட்ஷீட் துவைப்பது எப்படி ஆன்லைன் சென்னிமலை" என்று கீவேர்டு எல்லாம் சேர்க்க வேண்டுமா? உருபு வந்தால் என்ன செய்வது? "முறையை" என்று வந்தால் "முறை" வரை மட்டும் லிங்க் வைப்பதா, முழுச் சொல்லுக்குமா?

இணையத்தச்சன் எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வி ஆங்கில எஸ்இஓ புத்தகங்களில் இருக்காது, நம் மொழிக்கே உரிய கேள்வி. முழுச் சொல்லுக்கும் வையுங்கள்.

"போர்வையை" என்பதில் "போர்வை" வரைக்கும் லிங்க் போட்டால், "யை" மட்டும் வேறு நிறத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். படிக்க உறுத்தும். ஆனால் வெட்டவாவது முடிகிறது. "நூல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "நூலை" என்று வந்துவிட்டால் அதற்குள் "நூல்" என்பதே இல்லை. "ல்"-ன் புள்ளி போய் "லை" ஆகிவிட்டது. கீவேர்டு "நூல்"தான் என்று "ல"-வுக்கும் ஐகாரக் குறிக்கும் நடுவில் லிங்கை முடித்தால், சில பிரவுசர்களில் குறி பிரிந்து எழுத்தே உடைந்து தெரியும். அதைப் பார்க்கிறவருக்கு இந்தக் கடை மேல் என்ன நம்பிக்கை வரும்?

கீவேர்டு உருபில்லாமல் அப்படியே வர வேண்டும் என்று வாக்கியத்தை முறுக்காதீர்கள். "கைத்தறி பெட்ஷீட் வாங்க சென்னிமலை" என்று எந்தத் தமிழனும் பேசமாட்டான். உருபு இல்லாமல் வேண்டுமென்றால் வாக்கியத்தைத்தான் மாற்றி எழுத வேண்டும். "போர்வை துவைக்கும் முறை: முதல் தடவை தனியாகத் துவைக்கவும்" என்று ஒரு வரி எழுதினால் "போர்வை துவைக்கும் முறை" தானாக அமைந்துவிடுகிறது. அமையாவிட்டாலும் கவலையில்லை. ஒரே பக்கத்துக்கு ஓரிடத்தில் "முறையை", ஓரிடத்தில் "துவைக்கும்போது", ஓரிடத்தில் "சாயம் போகாமல் இருக்க" என்று லிங்க் வருவதுதான் மனிதர் எழுதியதன் அடையாளம்.

உங்கள் வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "கைத்தறிப் போர்வையைச் சாயம் போகாமல் துவைக்கும் முறையைத் தனியே எழுதியிருக்கிறோம்." இதில் "கைத்தறிப் போர்வையைச் சாயம் போகாமல் துவைக்கும் முறையை" என்பது வரை லிங்க். வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது சாயம் போகுமா என்றுதானே? அந்தச் சொல் லிங்கில் இருக்கட்டும்.

பழையபதிவர் எழுதியது:

தச்சன் சொன்னதோடு ஒன்று. கூகுள் தன் வழிகாட்டியில் ஒரு சோதனை சொல்கிறது. லிங்கின் சொல்லை மட்டும் வாக்கியத்திலிருந்து பிரித்துப் படியுங்கள், எங்கே போகும் என்று புரிகிறதா என்று பாருங்கள் என்கிறது. செவிவழி அம்மா இன்சர்ட் எஃப்7 அழுத்திக் கேட்பதும் அதே சோதனைதான். கூகுளுக்காகத் தனி வேலை, பார்வையற்றவர்களுக்காகத் தனி வேலை என்று இரண்டு இல்லை.

லிங்க்குகளை ஒட்டி ஒட்டி வரிசையாக வைக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. உங்கள் முகப்பில் "சிங்கிள் டபுள் கிங்" என்று நடுவில் ஒன்றுமே இல்லாமல் மூன்று லிங்க் இருக்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கே அது ஒரே லிங்க் மாதிரி இருக்கிறது. "60க்கு 90 இன்ச் சிங்கிள் போர்வை", "90க்கு 100 இன்ச் டபுள் பெட்ஷீட்" என்று தனித்தனி வரியில் கொண்டுவாருங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

நான் தமிழ் விக்கிப்பீடியாவில எழுதுறனான். அங்க எங்களுக்கு இது தினமும் செய்யிற வேலை. கட்டுரைத் தலைப்பு "நெசவு" எண்டு இருக்கும், வாக்கியத்தில "நெசவாளர்களின் வாழ்வில" எண்டு வரும். தலைப்பு ஒண்டு, கண்ணுக்குத் தெரியிற சொல் வேறொண்டு எண்டு பிரிச்சுக் குடுக்கிற வசதி இருக்கு. ஒரு பந்தியில அதே சொல் பத்துத் தரம் வந்தாலும் முதல் தரத்துக்கு மட்டும்தான் இணைப்பு. பாக்கிறவை வேறெங்கயோ போற மாதிரி நினைக்கிற சொல்லில இணைப்பு வைக்கிறதில்லை.

ஆராவது "விக்கிப்பீடியாவில லிங்க் போட்டுத் தாறம்" எண்டு காசு கேட்டா நம்பாதேங்கோ தம்பி. அங்க வெளி இணைப்புகள் எல்லாம் நோஃபாலோ. விளம்பர இணைப்பெண்டால் நாங்களே எடுத்துப் போடுவம்.

கொங்குமகன் எழுதியது:

தம்பி, சைட்டைப் பார்த்தேன். போட்டோக்கள் எல்லாம் லிங்கா இருக்கு, ஆனா ஆல்ட் (படத்துக்குப் பதிலா வர்ற விளக்கச் சொல்) காலியா இருக்கு. படத்துல லிங்க் வச்சா அந்த ஆல்ட்தான் ஆங்கர் டெக்ஸ்டா எடுத்துக்கப்படும். காலியா விட்டா கூகுளுக்கு ஒண்ணும் இல்ல, ஸ்கிரீன் ரீடர் பாவம் ஃபைல் பேரையோ முகவரியையோ எழுத்தெழுத்தா வாசிக்கும். "நீலக் கட்டம் போட்ட டபுள் கைத்தறிப் பெட்ஷீட்"ன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதுங்க. நூறு ஐட்டம் இருந்தாலும் உட்கார்ந்து எழுதுங்க, வேற வழியில்ல.

"மேலும் படிக்க" உங்க தீம் தானா போடுறது. சைல்டு தீம்ல (தீமோட துணைப் பதிப்புல) மாத்தலாம். கண்ணுக்கு "மேலும் படிக்க"ன்னே இருக்கட்டும், கூடவே கட்டுரைத் தலைப்பையும் ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் கேக்குற மாதிரி சேர்த்துடுங்க. வேர்ட்பிரஸ்ஸோட சொந்த தீம்கள்ல அப்படித்தான் இருக்கு.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் பட்டன். லிங்க் மாதிரி தெரியுது, ஆனா ஸ்கிரிப்ட்ல ஓடுது. பக்கத்தோட கோடுல லிங்குக்கான ஏ டேக்கும் அதுல எச்ரெஃப்ங்கிற முகவரியும் இருந்தாத்தான் கூகுள் அதை லிங்க்னு நம்பிப் பின்னாடி போகும். வாட்ஸ்அப் பட்டனுக்கு அது பரவாயில்ல. ஆனா "அடுத்த பக்கம்" பட்டனும் அதே மாதிரி ஓடுது. அதை முதல்ல சரி பண்ணுங்க. இரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் இருக்கிற பொருளுக்கெல்லாம் கூகுள் போறதுக்கு வழியே இல்லாம இருக்கலாம்.

சென்னிமலைத்தறி எழுதியது:

"அடுத்த பக்கம்" விஷயம் இவ்வளவு நாள் யாருமே சொல்லவில்லை அண்ணா. சைட் செய்து கொடுத்தவரிடம் இன்றே சொல்கிறேன்.

இரண்டு சந்தேகம் இன்னும் இருக்கிறது. ஒன்று, பக்க முகவரிகளைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக நீளமாக வருகிறது. இரண்டு, ஒரு வாடிக்கையாளர் தன் ப்ளாகில் எங்கள் பெட்ஷீட்டைப் பற்றி நல்லபடியாக எழுதியிருக்கிறார். ஆனால் லிங்க்கை "இந்தக் கடையில்" என்ற சொல்லில் வைத்திருக்கிறார். "கைத்தறி பெட்ஷீட்" என்று மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? அவருக்கு அடுத்த தடவை ஒரு போர்வை இலவசமாக அனுப்பலாம் என்றும் அம்மா சொல்கிறார்கள்.

இணையத்தச்சன் எழுதியது:

தமிழ் முகவரியில் தவறில்லை, கூகுள் படிக்கும். பகிரும்போதுதான் சிக்கல். ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8 என்ற கணினிக் குறிமுறையில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். "போர்வை"யில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்துக் கணினிக்கு 6 குறிகள். அந்த ஒரு சொல் முகவரியில் 54 எழுத்தாகிவிடுகிறது. அதை அப்படியே உங்கள் கட்டுரைக்குள் ஒட்டி வைத்தால் ஆங்கர் டெக்ஸ்டாக நிற்பது அந்த 54 எழுத்துதான். மனிதருக்கும் புரியாது, செவிவழி அம்மாவின் காதுக்குத் தண்டனை. ஆகவே சைட்டுக்குள் முகவரியை வெறுமனே ஒட்டவே கூடாது, எப்போதும் சொல்லில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்குக்கு மேலே ஒரு வரி தமிழில் எழுதி அனுப்புங்கள். இருக்கிற முகவரிகளை இப்போது மாற்றாதீர்கள், பழைய லிங்க் எல்லாம் அறுந்துவிடும். புதுப் பக்கங்களுக்கு வேண்டுமானால் ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள்.

அந்த வாடிக்கையாளரிடம் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். அவர் தன் வாசகருக்கு எழுதியிருக்கிறார், "இந்தக் கடையில்" என்பது அந்த வாக்கியத்தில் சரியாகத்தான் இருக்கும். சுற்றியுள்ள வரிகளில் கைத்தறி, சென்னிமலை, பெட்ஷீட் எல்லாம் வந்திருக்குமே. முகவரி தவறாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

ரேங்க்வேட்டை எழுதியது:

இலவசப் போர்வை விஷயத்தில் கவனம். எழுதி லிங்க் கொடுப்பதற்குப் பதிலாகப் பொருள் கொடுப்பதும் கூகுள் கணக்கில் லிங்க் வாங்குவதுதான். இதில் விதி தெளிவாகவே இருக்கிறது. அன்பளிப்பாகக் கொடுங்கள், எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். எழுதுவதாகப் பேசிக் கொடுத்தால் அந்த லிங்கில் ஸ்பான்சர்டு என்ற குறிப்பு இருக்க வேண்டும். 2019-லிருந்து அதற்கென்றே தனி குறிப்பு இருக்கிறது, நோஃபாலோ போட்டாலும் சரிதான்.

நான் முன்னால் சொன்ன 50 லிங்க் யோசனையைத் தம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்தவை வருஷத்துக்கு ஒரு டொமைன் (சைட்டின் பெயர் முகவரி) மாற்றுகிற சைட்டுகள். குடும்பப் பெயரில் நடக்கிற கடைக்கு அது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திருப்பூர்வாசி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் நண்பர் கடை ஒன்று ஏற்கனவே இப்படி வாங்கிவிட்டது. அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பழையபதிவர் எழுதியது:

சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவியில் கைமுறை நடவடிக்கை என்ற பகுதியை முதலில் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் வாங்குவதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம், கூகுள் அவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அறிவிப்பு வந்திருந்தால், லிங்க் போட்டவரிடம் எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்காதவற்றை, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்கிற டிஸ்அவோ டூலில் பட்டியலாகக் கொடுத்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தம்பிக்கும் அதே சர்ச் கன்சோலில் ஒரு வேலை இருக்கிறது. லிங்குகள் பகுதியில் பிறர் எந்தச் சொல்லில் உங்களுக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். இன்னொரு பகுதியில் எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று வரும். போர்வை என்று வருகிறார்களா, பெட்ஷீட் என்று தமிழில் அடிக்கிறார்களா, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார்களா, இதையெல்லாம் அங்கே பாருங்கள். உங்கள் லிங்க்குகளில் எந்தச் சொல்லை வைப்பது என்பதற்கு வாடிக்கையாளரே விடை எழுதி வைத்திருப்பார்.

சென்னிமலைத்தறி எழுதியது:

பார்த்தேன் ஐயா. "ஜமக்காளம்" என்று தேடி வருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நாங்கள் ஜமக்காளம் நெய்வதில்லை, அது பவானிக்காரர்கள் நெய்வது, புவிசார் குறியீடும் அவர்களுக்குத்தான். சைட் செய்து கொடுத்தவர் ஆட்கள் வருவார்கள் என்று போர்வைப் பக்கத்துக்கு "பவானி ஜமக்காளம்" என்ற சொல்லிலும் ஒரு லிங்க் வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டேன். ஜமக்காளத்துக்கும் சென்னிமலைப் போர்வைக்கும் நூலில், நெய்கிற முறையில் என்ன வித்தியாசம் என்று அப்பாவிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதலாம் என்றிருக்கிறேன். அங்கிருந்து பவானி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு லிங்க் கொடுக்கலாமா? வெளியே லிங்க் கொடுத்தால் நம் ரேங்க் குறையும் என்று சைட் செய்து கொடுத்தவர் பயமுறுத்துகிறார்.

இணையத்தச்சன் எழுதியது:

தாராளமாகக் கொடுங்கள், குறையாது. நோஃபாலோவும் வேண்டாம், நீங்கள் நம்பிக் கொடுக்கிற லிங்க் அது. சொல் மட்டும் தெளிவாக இருக்கட்டும், "பவானி ஜமக்காளம் நெய்யும் கூட்டுறவுச் சங்கம்" என்று வையுங்கள். பக்கம் எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், லிங்க் சொற்களை எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

செவிவழி எழுதியது:

போடும்போது எனக்கும் சொல்லுங்கள் தம்பி. பட்டியலை ஓட்டிக் கேட்டுவிட்டு எங்கே தடுக்குகிறது என்று எழுதுகிறேன்.